வாழைச் சீப்பின் வெட்டுவாயும் பூசணக்கொல்லியின் எல்லையும்

காவிரியும் குடமுருட்டியும் கொள்ளிடமும் வண்டல் சேர்த்துவைத்த படுகை நிலங்களில், குறிப்பாகத் திருவையாறு, பாபநாசம், கும்பகோணம் வட்டாரங்களில், நெல்லோடு தலைமுறை தலைமுறையாக இடம் பகிர்ந்து விளைந்து வருவது வாழை. இப்பகுதியில் பெரிதும் காணப்படும் பூவன், இலைக்காகவும் தாருக்காகவும் ஒருங்கே பயிரிடப்படும் வகை. திருமணத் தாம்பூலத்திலும் கோயில் அர்ச்சனைத் தட்டிலும் இடம்பெறும் பழம் பெரும்பாலும் அதுவே. அறுத்த தார் தோட்டத்திலிருந்து மண்டிக்கும், மண்டியிலிருந்து பழுக்கவைக்கும் அறைக்கும், அங்கிருந்து கடைக்கும் போய்ச் சேரும் சில நாட்களுக்குள் அதில் ஒரு பகுதி விற்கத் தகாததாகிக் கழிந்துவிடுகிறது. லூதியானாவில் உள்ள மத்திய அறுவடைப்பின் பொறியியல் தொழில்நுட்ப நிறுவனம் 2015-இல் வெளியிட்ட நாடு தழுவிய மதிப்பீடு, வாழையின் அறுவடைக்குப் பிந்தைய இழப்பை ஏறத்தாழ 7.8 விழுக்காடு எனக் கணக்கிட்டது. மேடைகளில் அடிக்கடி சொல்லப்படும் முப்பது, நாற்பது விழுக்காடு என்ற எண்களோடு ஒப்பிட்டால் இது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் ஆண்டுக்கு 3 கோடி டன்னுக்கு மேல் வாழை விளைவித்து உலகில் முதலிடத்தில் நிற்கும் ஒரு நாட்டில், அந்தச் சிறிய விழுக்காடு 20 லட்சம் டன்னைத் தாண்டிய பழத்தைக் குறிக்கிறது. அடிபடுதல், வெம்பல், காய் உதிர்தல் எனப் பல காரணங்கள் இந்த இழப்பில் கலந்திருக்கின்றன; அவற்றுள் பூசணங்களால் வரும் அழுகல், மற்றக் காரணங்கள் தொடங்கிவைத்த சேதத்தைப் பன்மடங்காக்கும் தன்மையால் தனியே ஆராயத் தக்கது.

அழுகலுக்கு மருந்து உண்டா என்ற கேள்விக்கு உண்டு என்பதே விடை. பூசணங்களைக் கொல்லும் அல்லது அவற்றின் வளர்ச்சியை நிறுத்தும் வேதிப்பொருட்களாகிய பூசணக்கொல்லிகள், அறுவடை செய்த வாழையைக் காப்பதற்கென்றே அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பயன்பாட்டில் உள்ளன. ஆனால் அந்த மருந்து எந்த வாழையில், எந்த இடத்தில், எந்த நேரத்தில் பயன்தரும் என்பது பூசணம் பழத்துக்குள் எந்த வழியாக நுழைந்தது என்பதைப் பொறுத்தது. அவ்வழிகள் இரண்டு. ஒன்று, காய் மரத்தில் இருக்கும்போதே தோலின் மீது தொற்றி, பழுக்கும்வரை உறங்கிக் கிடப்பது. மற்றொன்று, அறுவடையின்போது கத்தி ஏற்படுத்தும் வெட்டுவாய் வழியாக உள்ளே புகுவது. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் மருந்தைக் கரைத்துப் பழத்தை முக்கினால், செலவும் நஞ்சும் மிஞ்சுமேயன்றி அழுகல் நிற்காது.

முதல் வழியில் வருவது ஆந்த்ராக்னோஸ் எனப்படும் பழ அழுகல். இதை உண்டாக்கும் பூசணம் கொல்லெட்டோடிரைக்கம் மியூசே. இப்பூசணத்தின் வித்துகள், அதாவது கண்ணுக்குப் புலப்படாத அதன் இனப்பெருக்கத் துகள்கள், பசையான திரளாக உருவாகி மழைத்துளி தெறிக்கும்போது நீரோடு சிதறிப் பரவுபவை. ஈரமான பச்சைக் காயின் தோலில் விழுந்த வித்து சில மணி நேரத்தில் முளைத்து, முளையின் நுனியில் தடித்த கருநிறச் சுவர் கொண்ட ஒட்டுறுப்பு ஒன்றை அமைத்து, தோலோடு இறுகப் பற்றிக்கொள்கிறது. அதன்பின் வளர்ச்சி நின்றுவிடும். பச்சைத் தோலில் நிறைந்துள்ள துவர்ப்புப் பொருட்களும், தொற்றை உணர்ந்தவுடன் தோல் உற்பத்தி செய்யும் எதிர்ப்புச் சேர்மங்களும் பூசணத்தை முன்னேற விடுவதில்லை. காய் முற்றி, துவர்ப்புக் குறைந்து, மாவுச்சத்து சர்க்கரையாக மாறத் தொடங்கியதும் அந்தத் தடைகள் தளர்கின்றன; பழுப்புநிறப் புள்ளிகள் தோன்றி, விரிந்து, குழிந்து, நடுவில் செம்மஞ்சள் நிற வித்துத் திரள் தென்படுகிறது. அயனமண்டலப் பழங்களில் இவ்வாறு தொற்று உறங்கிக் கிடப்பதை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர் சிம்மண்ட்ஸ் 1941-இலேயே விரிவாக விளக்கியிருந்தார். நன்கு கனிந்த பழத்தில் இயல்பாகவே வரும் கரும்புள்ளிகள் வேறு, குழிந்து விரியும் இந்த நோய்ப்புள்ளிகள் வேறு என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். முன்னவை பழத்தின் இனிமைக்கு அடையாளம், அவற்றைக் கண்டு பழத்தை ஒதுக்குவது வீண்.

உறங்கும் பூசணம் விழிப்பதற்குத் தடைகள் தளர்வது மட்டுமே காரணமா என்ற கேள்விக்கு 1994-இல் வியப்பான விடை ஒன்று கிடைத்தது. கேரளத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உயிர்வேதியியல் அறிஞர் கொளத்துக்குடி, பிளெய்ஷ்மன் என்பவரோடு சேர்ந்து, பழத்தைப் பழுக்கவைக்கும் எத்திலீன் வாயுவே இப்பூசண இனத்தின் வித்துகளை முளைக்கவும் பல ஒட்டுறுப்புகளை அமைக்கவும் தூண்டுகிறது என்று காட்டினார். பழம் தன் உடலுக்குள் பழுப்பதற்காக விடுக்கும் சமிக்ஞையைப் பூசணமும் கேட்டு, நுழையும் தருணத்தை அதற்கேற்ப வகுத்துக்கொள்கிறது என்பது இதன் பொருள். காவிரி டெல்டாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் புகைமூட்டம் போடும் முறையில், அடைத்த அறையிலோ குழியிலோ தார்களை அடுக்கி, சருகும் வைக்கோலும் எரித்த புகையை உள்ளே விடும்போது, அந்தப் புகையில் உள்ள எத்திலீனே காயைப் பழுக்கவைக்கிறது. இன்றைய பழுக்கவைக்கும் அறைகளில் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அனுமதித்துள்ள 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வரையிலான எத்திலீன் வாயுவும் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆகவே தோலில் தொற்று ஏறிய தாரை எந்த முறையில் பழுக்கவைத்தாலும், முகூர்த்த நாளுக்கு மஞ்சளாகக் கனிந்து வர வேண்டிய பழத்தோடு அதன் நோயும் கனிந்து வெளிப்படும். அந்த நிலையில் எந்த மருந்தும் உதவாது. இந்த நோய்க்கு மருந்து பழுக்கவைக்கும் அறையில் இல்லை, தோட்டத்தில்தான் இருக்கிறது.

தோட்டத்தில் இவ்வித்துகள் பெருகும் இடம் காய்ந்த இலைச்சருகும், காயின் நுனியில் ஒட்டியிருக்கும் வாடிய பூவின் எச்சமும், தாரின் மீது உதிராமல் தங்கிய மடல்களும் ஆகும். பூவன் தோட்டங்களில் மரத்தைச் சுற்றித் தொங்கும் சருகைக் கழிக்காமல் விட்டால், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அச்சருகில் வழியும் ஒவ்வொரு துளியும் வித்துகளைக் கீழே உள்ள தாரின் மீது இறக்குகிறது. இதைவிடக் கவலைக்குரிய வழக்கம் ஒன்றுண்டு. லாரியில் தார்களை அடுக்கும்போது உராய்வைத் தடுக்கத் தரையிலும் இடையிலும் வாழைச்சருகையே மெத்தையாக இடுவது, நோயின் விளைநிலத்தையே பழத்தோடு சேர்த்து ஏற்றுவதாகும். உலர்ந்த, தூய வைக்கோல் அதைவிட மேல். நனைந்த வைக்கோலாக இருந்தால் அதுவும் தீங்கே.

இரண்டாம் வழியில் வரும் நோய் சீப்படி அழுகல். வேளாண் நூல்கள் கிரவுன் ராட் என்று குறிப்பிடும் இந்நோய், காய்களின் காம்புகள் ஒன்றுகூடித் தார்த்தண்டோடு இணையும் சதைப்பற்றான அடிப்பகுதியில், அதாவது தண்டிலிருந்து சீப்பை வெட்டியெடுக்கும் இடத்தில், வெண்ணிற அல்லது சாம்பல்நிறப் பூசண இழைகளாகத் தொடங்கி, அடியைக் கறுப்பாக்கி மென்மையாக்கி, காம்புகளுக்குள் இறங்கி, முடிவில் காய்களை ஒவ்வொன்றாக உதிர்த்துவிடுகிறது. இதை ஒரே பூசணம் உண்டாக்குவதில்லை. மேற்சொன்ன கொல்லெட்டோடிரைக்கம் தவிர, வெப்ப மண்டலங்களில் எங்கும் காணப்படும் லேசியோடிப்ளோடியா தியோப்ரோமே, பியூசேரியத்தின் பல இனங்கள், வெர்டிசிலியம் தியோப்ரோமே ஆகியவை இடத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ப வெவ்வேறு விகிதத்தில் கூட்டாக இயங்குகின்றன. கூட்டாக இயங்கும் பகைவருக்கு ஒரே மருந்து போதாமல் போவதற்கான விதை இங்கேயே இருக்கிறது. அழுகும் அடியும் எத்திலீனை வெளிவிடுகிறது என்பதால், ஒரு பெட்டியில் ஒரு சீப்பு அழுகினால் மற்றச் சீப்புகளும் நாளுக்கு முன்பே பழுத்துவிடும்.

சீப்படி அழுகல் உலக வணிகத்தில் பெருந்தொல்லையாக எழுந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மத்திய அமெரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேறிய வாழை குரோ மிஷெல் என்ற வகை. தடித்த தோலும் உறுதியான காயும் கொண்ட அவ்வகையை முழுத்தாராகவே ஏற்றி இறக்கினர். பனாமா வாடல் நோய் அத்தோட்டங்களை அழித்தபோது, அந்நோயைத் தாங்கிய கேவண்டிஷ் குழு வாழைகளுக்கு நிறுவனங்கள் மாறின. கேவண்டிஷ் காய் எளிதில் சிராய்ப்பது. அதை முழுத்தாராக ஏற்ற இயலவில்லை. எனவே 1950-களின் இறுதியிலும் 1960-களிலும் தோட்டத்திலேயே சீப்புகளாகப் பிரித்து, கழுவி, அட்டைப்பெட்டியில் அடுக்கும் முறை வந்தது. ஒரு தாருக்கு ஒரே வெட்டுவாய் என்றிருந்த நிலை மாறி, ஒரு தாருக்குப் பத்துக்கும் மேற்பட்ட வெட்டுவாய்கள் உண்டாயின. அவை அனைத்தும் ஈரமாக, நெருக்கமாக, பல நாள் கடல் பயணத்துக்கு அடைக்கப்பட்டன. பூசணக்கொல்லியில் முக்கும் வழக்கம் இந்தப் பெட்டியின் பின்னாலேயே வந்தது.

இந்த வரலாறு தஞ்சைத் தரணிக்கு நேரடியாகப் பொருந்துகிறது. டெல்டாவில் வாழை இன்றும் பெரும்பாலும் தாராகவே அறுக்கப்பட்டு, தாராகவே ஏலம் போகிறது; கடைக்காரர் பழுத்த பின்புதான் சீப்பைப் பிரிக்கிறார். முழுத்தாரில் வெட்டுவாய் என்பது தார்த்தண்டின் முனையில் மட்டுமே இருப்பதால், அங்கு தொடங்கும் அழுகல் முதல் சீப்பை எட்டுவதற்குள் பழம் விற்றுத் தீர்ந்துவிடுகிறது. தண்டைச் சற்று நீளமாக விட்டு வெட்டும் பழக்கத்துக்குத் தூக்குவதற்கு வசதி என்பதோடு இந்தப் பயனும் உண்டு. திருச்சியை அடுத்த தாயனூரில் 1993 முதல் இயங்கிவரும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தின் தொழில்நுட்பத்தோடு 2021-இல் கொச்சியிலிருந்து இலண்டனுக்கு நேந்திரன் வாழை கடல்வழி அனுப்பப்பட்டதைப் போன்ற முயற்சிகள் பெருகி, மூன்று வாரங்களுக்கு மேல் நீளும் பயணங்களுக்குச் சீப்பாகப் பிரித்துப் பெட்டியில் அடுக்கும் சிப்பமிடும் கூடங்கள் காவிரிக் கரையிலும் அமையும்போது, தார் வணிகம் அறியாத சீப்படி அழுகலும் உடன்வரும். பூசணக்கொல்லி பற்றிய அறிவு இப்போது தேவைப்படுவது அதனால்தான்.

புதிதாக வெட்டிய அடியில் நிகழ்வதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். வெட்டியவுடன் வெண்மையான பாலும் நீர்த்த சாறும் கசிகின்றன. காற்றுப்பட்டுப் பழுப்பேறும் இந்தக் கறை காயில் படாமலிருக்கவே சீப்புகள் நீர்த்தொட்டியில் இடப்படுகின்றன. ஆனால் வெட்டப்பட்ட நீர்க்குழாய்கள், மரத்தில் இருந்தபோது நீரை ஈர்த்துப் பழகியவை, தொட்டி நீரையும் உறிஞ்சுகுழல் போல உள்ளே இழுக்கின்றன. அந்த நீரில் வித்துகள் மிதந்தால் அவையும் சில நிமிடங்களில் திசுவுக்குள் சில மில்லிமீட்டர் ஆழம் சென்று தங்கிவிடும். காலையில் நிரப்பிய தொட்டியில் மாலைவரை தாருக்குப் பின் தாராகக் கழுவினால், முதல் தாரின் பூவெச்சத்திலிருந்து கரைந்த வித்துகள் கடைசித் தாரின் வெட்டுவாய்க்குள் ஏறும். தூய்மைக்காகச் செய்யும் கழுவல் நோயை நட்டுவைக்கும் செயலாக மாறிவிடுவது இவ்வாறுதான். குளோரின் சேர்ப்பது உதவும் எனினும், வாழைக்கறை முதலிய கரிமப் பொருட்கள் குளோரினை விரைவில் செலவழித்துவிடுவதால், அளவைத் திரும்பத் திரும்பச் சோதித்துச் சேர்க்காத குளோரின் பெயரளவுக்கே நிற்கும். ஆறும் வாய்க்காலும் அருகே ஓடுவதால் அந்த நீரையே தொட்டிக்கு இறைப்பது டெல்டாவில் எளிது; ஆயினும் சிப்பமிடும் கூடத்துக்குக் குடிநீர்த் தரத்துக்குக் குறைந்த நீர் ஆகாது.

திசுவுக்குள் ஏறிய வித்தை எட்டுவதற்கு மருந்துக்குச் சிறிது காலமே கிடைக்கிறது. வெட்டிய சில மணி நேரத்துக்குள் இட்ட மருந்தும் மறுநாள் இட்ட மருந்தும் ஒரே பயனைத் தருவதில்லை. வித்து முளைத்து இழையாகிப் பரவிய பின் மேற்பூச்சாக அமையும் மருந்து அதைத் துரத்திச் செல்லாது. வழக்கமான முறையில், கழுவி வடிந்த சீப்பைப் பூசணக்கொல்லிக் கரைசலில் முக்குகிறார்கள், அல்லது வெட்டுவாயின் மீது தெளிக்கிறார்கள், அல்லது தூரிகையால் தடவுகிறார்கள். கரைசலின் செறிவு பிபிஎம் என்ற அலகில், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கில் சொல்லப்படும். ஒரு லிட்டர் நீரில் ஒரு மில்லிகிராம் வீரியப்பொருள் இருந்தால் அது 1 பிபிஎம். நூற்றுக்கு 50 பங்கு வீரியப்பொருள் கொண்ட நனையும் தூளில் ஒரு கிராமை ஒரு லிட்டர் நீரில் கரைத்தால், அதில் 500 மில்லிகிராம் வீரியப்பொருள் இருப்பதால் கரைசல் 500 பிபிஎம் ஆகும். தூள் முழுவதும் மருந்து என்று எண்ணிக் கணக்கிடுவது பாதி அளவில் முடிந்து நோயைத் தப்பவிடும். கைப்பிடியளவாக அள்ளிப்போடுவது மிகுந்துபோய் எச்சத்தில் முடியும்.

இக்களத்தில் முதலில் வந்த பெருமருந்து தயாபெண்டசோல். 1961-இல் கால்நடைகளின் குடற்புழு நீக்கியாக அறிமுகமான இச்சேர்மத்தின் பூசண எதிர்ப்புத் திறன் சில ஆண்டுகளில் தெரியவந்தது. அதே பென்சிமிடசோல் குடும்பத்தில் 1968-இல் பெனோமில் வந்தது. தமிழக உழவர்க்கு நன்கு பழக்கமான கார்பெண்டசிம்மும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. பூசண உயிரணு பிரியும்போது, பிரதியெடுத்த குரோமோசோம்களை இரு புறமும் இழுத்துப் பிரிக்க நுண்குழல்கள் என்ற புரத இழைகள் தேவைப்படுகின்றன. அவற்றின் அடிப்படை அலகான டியூபுலின் என்ற புரதத்தில் இம்மருந்துகள் ஒட்டிக்கொண்டு நுண்குழல் உருவாகாமல் தடுக்கின்றன. உட்கரு பிரியாத பூசணம் முளைத்தாலும் வளர முடியாது. மிகக் குறைந்த அளவிலேயே வேலை செய்வதும், திசுவுக்குள் ஓரளவு ஊடுருவுவதும், விலை மலிவும் சேர்ந்து இம்மருந்துகளை உலகெங்கும் பரப்பின.

அடுத்து 1970-களில் பெல்ஜியத்தின் ஜான்சன் நிறுவனத்திலிருந்து வந்த இமசலில் வேறு இடத்தில் தாக்குகிறது. மனித உயிரணுச் சவ்வுக்குக் கொலஸ்டிரால் எப்படியோ, பூசணச் சவ்வுக்கு எர்கோஸ்டிரால் அப்படி. அதன் உற்பத்தியில் ஒரு நொதியை இமசலில் முடக்குவதால் சவ்வு சிதைகிறது. பைன் கூம்புகளில் வளரும் சிறு காளான் ஒன்று பிற பூசணங்களை விரட்டச் சுரக்கும் பொருளை முன்மாதிரியாகக் கொண்டு உருவான அசாக்சிஸ்டிரோபின், 1990-களில் சந்தைக்கு வந்து, பூசணத்தின் சுவாசத்தையே நிறுத்துகிறது. இந்தியாவுக்குரிய பங்களிப்பும் இதில் உண்டு: புனேயை அடுத்த பிம்பிரியில் உள்ள ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனம் தயாரித்த ஆரியோஃபஞ்சின் என்ற உயிர்எதிர்ப்பொருள், பழ அழுகலுக்கான முக்குக் கரைசலாக நம் வேளாண் பரிந்துரைகளில் இடம்பெற்றது.

ஒரே இடத்தைக் குறிவைக்கும் மருந்துக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. டியூபுலின் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால் போதும், பென்சிமிடசோல் மருந்துகள் ஒட்ட இடமில்லாமல் போகும். அந்த மாற்றம் இயற்கையாக நேர்ந்த ஒரு பூசணம், மற்றவை மருந்தால் மடியும் தோட்டத்தில் தனியே பெருகும். கரீபியக் கடலின் குவாதலூப் தீவில் 1990-களில் வாழைத் தோட்டங்களில் எடுத்த கொல்லெட்டோடிரைக்கம் மாதிரிகளில் தயாபெண்டசோலுக்கு அடங்காத வகைகள் கண்டறியப்பட்டன. இதில் தஞ்சை உழவர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. சிகடோகா இலைப்புள்ளி நோய்க்குத் தோட்டத்தில் தெளிக்கும் பென்சிமிடசோல் மருந்து, இலைநோய்ப் பூசணத்தோடு அதே சருகில் வாழும் பழ அழுகல் பூசணத்தின் மீதும் படுகிறது. அது அங்கேயே எதிர்ப்பைப் பெற்றுவிட்டால், பின்னர் சிப்பமிடும் கூடத்தில் அதே குடும்ப மருந்தில் முக்குவது பயனற்றுப்போகும். தமிழகத்தில் இலைப்புள்ளிக்குக் கார்பெண்டசிம் தெளிப்பது பரவலான வழக்கம். புரோப்பிகோனசோலும் தெளிக்கப்படுகிறது, அது இமசலில் தாக்கும் அதே நொதியைத் தாக்குவது. தோட்டத்தில் தெளித்ததன் குடும்பத்தைச் சேராத மருந்தையே அறுவடைக்குப் பின் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற விதி, எந்த அளவு முறையையும் விட முதன்மையானது. அதற்குத் தோட்டத்தின் தெளிப்புக் குறிப்பேடு கூடத்துக்கு வந்து சேர வேண்டும்.

சட்டமும் மாறிக்கொண்டிருக்கிறது. இந்தியாவில் 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ், ஒரு மருந்து எந்தப் பயிரில், எந்த நோய்க்கு, எந்த அளவில் எனப் பதிவாகி அதன் சிட்டையில் அச்சிடப்பட்டிருக்கிறதோ அதற்கே உரியது. இலையில் தெளிக்கப் பதிவான மருந்தில் பழத்தை முக்குவது அந்தப் பதிவுக்குள் அடங்காது. பழைய கையேடுகளில் வாழைக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்த பெனோமில் 2018 ஆகஸ்டில் வந்த ஆணையால் தடைசெய்யப்பட்டது. 2020 மே மாதம் தடைக்கென ஒன்றிய அரசு வெளியிட்ட 27 மருந்துகளின் வரைவுப் பட்டியலில் கார்பெண்டசிம்மும் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கான ஒப்புதல் 2014-இலேயே முடிந்துவிட்டது. ஆகவே பழைய துண்டறிக்கையைப் பார்த்து இன்று மருந்து கரைப்பது, ஏற்றுமதிப் பெட்டியைத் துறைமுகத்திலிருந்து திருப்பியனுப்ப வைக்கும்.

வாழைத்தோலை உண்பதில்லை, எனவே எச்சம் பற்றிக் கவலை வேண்டாம் என்ற வாதம் அடிக்கடி எழுகிறது. முக்கும்போது படியும் மருந்தின் பெரும்பகுதி தோலில் தங்கி, சதையில் குறைவாகவே காணப்படுகிறது என்பது உண்மை. ஆனால் இந்த வாதம் பழத்தோலைக் குப்பைக் கூடையில் இடும் நாடுகளுக்குரியது. தஞ்சை மாவட்ட வீடுகளில் வாழைக்காய்த் தோலைத் துவையலாக அரைப்பார்கள். பழத்தோல் மாட்டுக்கும் ஆட்டுக்கும் போகும். விருந்து முடிந்த பந்தியின் தோலும் இலையும் ஒன்றாகக் கொட்டிலைச் சேரும். தோலோடு கூடிய பழத்தில்தான் எச்சத்தை அளக்க வேண்டும் என்ற உலகளாவிய முறை நம் வழக்கத்துக்கு மிகவும் பொருந்துவது. உள்ளூர்ச் சந்தையில் ஐந்தாறு நாட்களுக்குள் தீர்ந்துவிடும் பழத்துக்குப் பூசணக்கொல்லி தேவையே இல்லை.

மருந்தின் சுமையைக் குறைக்கும் வேறு வழிகள் சோதிக்கப்பட்டவையே. படிகாரக் கரைசல் பாலைத் திரளச்செய்து வெட்டுவாயைச் சுத்தமாக வைப்பது. சுமார் 45 முதல் 50 பாகை செல்சியஸ் வெந்நீரில் குறிப்பிட்ட நேரம் முக்குவது மேற்பரப்பு வித்துகளைக் கொல்லும். வெப்பமோ நேரமோ கூடினால் தோல் வெந்து கறுக்கும் என்பதால் வெப்பமானி இல்லாமல் செய்யத் தக்கதன்று. இலங்கையில் எம்புல் எனப்படும் வாழை, நம் பூவன் அடங்கிய மைசூர் குழுவைச் சேர்ந்தது. அதில் திருநீற்றுப்பச்சை இனத்தின் எண்ணெய், எலுமிச்சைப்புல் எண்ணெய் ஆகியவற்றைத் தெளித்துச் சீப்படி அழுகலும் ஆந்த்ராக்னோஸும் குறைவதை இலங்கை ஆய்வாளர்கள் 2000-களில் காட்டினர். பூவன் விளைவிக்கும் டெல்டாவுக்கு இது நெருங்கிய சான்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரப்பிய சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் என்ற நன்மை தரும் நுண்ணுயிரி, காய் பருவத்திலேயே தாரின் மீது பூசணத்தோடு போட்டியிடத் தகுந்தது. இவை எதுவும் தனித்து நின்று மூன்று வாரக் கடல் பயணத்தைத் தாங்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மருந்தின் அளவையும் அதை இடும் தடவைகளையும் குறைக்க இவற்றால் இயலும்.

எல்லாவற்றிலும் வலுவானது குளிர். இப்பூசணங்கள் மிக விரைவாக வளரும் வெப்பநிலை 25 முதல் 30 பாகை; ஆண்டின் பெரும்பகுதி தஞ்சையின் காற்றே அவற்றுக்கு உகந்த வளர்ப்பகம். வாழையை 13 முதல் 14 பாகையில், ஈரப்பதம் மிகுந்த காற்றில் வைத்தால் பூசணமும் பழமும் சேர்ந்து மந்தமாகின்றன. அதற்குக் கீழே போனால் காய் குளிர்ச்சேதம் கண்டு சாம்பல் நிறமாகிவிடும். அறுத்த காயை வெயிலில் மணிக்கணக்கில் கிடத்திவிட்டு மாலையில் குளிர் அறைக்கு அனுப்பினால், அந்த இடைவெளியில் முளைத்த வித்தைக் குளிர் பின்னோக்கி அனுப்பாது. கூர்மையான, ஒவ்வொரு தாருக்கும் கழுவித் துடைத்த கத்தி, ஒரே வீச்சில் வழவழப்பாக, சற்று அகலமாக அடிவிட்டு வெட்டுவது, மாற்றப்படும் தூய நீர், நிழல், அன்றே குளிர் ஆகியவை சரியாக அமைந்த கூடத்தில் மருந்துக்கு மிஞ்சும் வேலை சிறிது. அவை அமையாத கூடத்தில் எந்த மருந்தும் காப்பாற்றாது.

இவ்வட்டாரத்தில் அறிவுக்கும் நிறுவனங்களுக்கும் குறைவில்லை. திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையமும், நெல் பதன ஆராய்ச்சி மையமாகத் தொடங்கி 1972-இல் தஞ்சைக்கு இடம்பெயர்ந்து இன்று தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக வளர்ந்துள்ள அமைப்பும் ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் உள்ளன. இவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, திருவையாறு, பாபநாசம், கும்பகோணம் தோட்டங்களின் சருகிலும் மண்டிக்கு வரும் தார்களிலும் உள்ள பூசணங்களை ஆண்டுதோறும் எடுத்து, எந்த மருந்துக்கு எந்தப் பூசணம் அடங்குகிறது, எது அடங்கவில்லை என்று சோதித்து, அந்த முடிவைப் பரிந்துரையோடு சேர்த்துத் தமிழில் உழவர் கையில் தர வேண்டும். பெட்டிகள் கப்பலேறத் தொடங்கிய பிறகு இப்பணியைத் தொடங்கினால் அது காலம் கடந்ததாகும்.